தெருவில் உப்பியிருந்த ஒரே முகம்

ஆரஞ்சுத் தோட்ட முகாம், ஹகுவெய் கிராந்தே
7 பிப்ரவரி 1993

எவேலியோ,

வந்து நாலு வாரம் ஆகிவிட்டது. உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. கை முழுக்க ஆரஞ்சு முள் கீறல். எழுத்து கோணலாக இருந்தால் அதைச் சாக்காக வைத்துப் படிக்காமல் விட்டுவிடாதே.

இந்தக் கடிதம் கொண்டுவரும் லாரிக்காரனிடம் ஒரு மூட்டை மலங்கா கிழங்கும் எட்டு முட்டையும் கொடுத்திருக்கிறேன். எண்ணி வாங்கிக்கொள். கிழங்கு உனக்கு, முட்டை மைலேனுக்கு. தோலைச் சீவி, குழையக் குழைய வேகவைத்து, மசித்துச் சாப்பிடு. ரேஷனில் பட்டாணி போட்டால் துணியில் வைத்துப் பிழிந்து தோலை எறிந்துவிடு. கொய்யாப்பழத்தின் பக்கமே போகாதே. உன் குடலில் அந்த ஒரு இடம் பென்சில் அகலம்தான் என்று டாக்டர் அலோன்சோ படம் போட்டுக் காட்டியது நினைவிருக்கட்டும். மஞ்சள் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டு. ஆறு இல்லை, எட்டு.

இங்கே வேலை முதுகை ஒடிக்கிறது. ஆலை ஆபீசில் பதினோரு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்தவளைக் கொண்டுவந்து மரத்தில் ஏற்றினால் வேறென்ன ஆகும்? ஆனால் முகாமுக்குப் பின்னால் கிழங்குத் தோட்டம் இருக்கிறது, அதில் எங்களுக்குப் பங்கு உண்டு. கமாகுவெய் முழுக்கத் தேடினாலும் இன்றைக்கு மலங்கா கிடைக்காது. உன் குடல் ஏற்றுக்கொள்ளும் ஒரே கிழங்கு அது. அதனால்தான் இங்கே வரக் கைதூக்கினேன் என்று உனக்கே தெரியும். அணித் தலைவி முதல் நாளே சொல்லிவிட்டாள்: "ஆறு மாசம் முடிக்காம நடுவுல போறவங்க போகலாம். ஆனா எடமும் போச்சு, மூட்டையும் போச்சு." ஜூலை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

மைலேன் தலையைப் பின்னி விடுகிறாயா? உனக்கு வராது என்று தெரியும். ஆனாலும் பின்னி விடு.

சொராய்தா


கமாகுவெய்
21 பிப்ரவரி

என் கிழவிக்கு,

உன் கடிதத்தை மைலேன் சத்தமாகப் படித்துக் காட்டினாள். பட்டாணித் தோல் வரும் இடத்தை மட்டும் இரண்டு தடவை, உன் குரலிலேயே. பத்து வயசுப் பெண் அம்மா மாதிரி அதட்டினால் அப்பனுக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

மூட்டை வந்தது. எட்டு முட்டையில் ஒன்று விரிசல். லாரிக்காரன், "ரோட்ட கேளு, என்னைக் கேக்காத"ன்னு சொல்லிவிட்டுப் போனான். நோயாளிச் சீட்டுக்கு வரும் பாலை மைலேனுக்கே கொடுக்கிறேன். ஏழு வயசுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பால் கிடையாது என்றால் ஏழு வயசோடு எலும்பு வளர்வதை நிறுத்திவிடுமா? பால் எனக்கு எப்படியும் ஒத்துக்கொள்ளாது, உனக்கே தெரியும்.

வேலை சொல்கிறேன், சிரி. டிப்போவில் பன்னிரண்டு பஸ் டீசல் இல்லாமல் நிற்கின்றன. அவற்றை யாரும் தூக்கிக்கொண்டு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு வசதி, கழிப்பறை பத்தடியில். பஸ் ஓட்டிய காலத்தில் என் வழித்தடத்தில் ஏழு வீடு வைத்திருந்தேனே, அவசரத்துக்கு ஓட. நான் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு ஓடினால் ஜனங்கள், "டிரைவருக்கு இந்தத் தெருவுல ஒருத்தி இருக்கா"ன்னு பேசிக்கொள்வார்கள். ஏழு தெருவிலும் ஏழு பேர்! அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சீக்காளி என்று பேர் வாங்குவதற்கு அது எவ்வளவோ மேல்.

வயிறு நல்ல பிள்ளையாக இருக்கிறது. போன வாரம் டாக்டர் அலோன்சோவைப் பார்த்தேன், சும்மாதான். உன்னை விசாரித்தார்.

கவலைப்படாதே. மரத்திலிருந்து விழாதே.

எவேலியோ


முகாம்
21 மார்ச்

எவேலியோ,

மிக்தாலியா லீவு முடிந்து நேற்று வந்தாள். நம் தெருவில் எட்டு நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். சாப்பாட்டு மேசையில், இருபது பேருக்கு நடுவில் சொன்னாள்: "அடியே சொராய்தா, ஒம் புருஷனுக்குக் கன்னம் ரெண்டும் என்னமா உப்பிக் கெடக்குங்கற! தெருவே பெல்ட்டுல புது ஓட்ட போட்டுக்கிட்டு இருக்கு, அவன் மட்டும் பொறந்தநாள் கேக்கு மாதிரி இருக்கான்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் என் காதோடு சொன்னாள்: "ஒம் பொண்ணப் பாத்தேன்டி. வெளக்குமாத்துக் குச்சியாட்டம் இருக்கா."

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார். நான் எப்படித் தூங்குவேன்?

பன்னிரண்டு வருஷமாக உன்னைத் தெரியும், உன் கன்னம் உப்பி நான் பார்த்ததில்லை. உனக்குச் சாப்பிட்டது ஒட்டுவதே பெரும்பாடு. இந்த வருஷம், ஊரே சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கும் வருஷத்தில், உனக்குச் சதை போட்டிருக்கிறது. நான் மரத்தில் தொங்கி அனுப்புகிற முட்டை எங்கே போகிறது? இல்லை, எவள் வீட்டிலாவது அடுப்பு எரிகிறதா? ஏழு வீடு என்று நீயே எழுதினாய். அன்றைக்குச் சிரித்தேன்.

நம் தெருக் கண்காணிப்புக் குழுத் தலைவி ஒர்தென்சியாகூட மிக்தாலியாவிடம் கேட்டாளாம்: "எவேலியோவுக்கு வெளில எங்கயாவது கறி கிடைக்குதா? எழுதி வைக்கணும்ல." தெரு முழுக்க உன்னைக் கவனிக்கிறது. நான் மட்டும்தான் முன்னூறு கிலோமீட்டர் தள்ளி நின்று கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

பூசி மெழுகாமல் பதில் எழுது. நீ யாரோடு வேண்டுமானாலும் போ. என் பிள்ளையின் சாப்பாட்டைத் தொட்டிருந்தால் மட்டும் சொல்லிவிடு.

சொராய்தா


கமாகுவெய்
1 ஏப்ரல்

சொராய்தா,

மெழுகாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

எனக்கு எவளும் இல்லை. உப்பினது சதையும் இல்லை, மருந்து. பிப்ரவரி முதல் வாரத்திலேயே ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. நாளைக்குப் பன்னிரண்டு தடவை, பதினைந்து தடவை. டிப்போ கழிப்பறையில்தான் என் குடித்தனம். டாக்டர் அலோன்சோ மஞ்சள் மாத்திரை போதாது என்று சொல்லி வெள்ளை மாத்திரை கொடுத்தார், பிரெட்னிசோன். பத்து நாளில் ரத்தம் நின்றது. மூன்றாவது வாரம் கண்ணாடியில் பார்க்கிறேன், நிலா மாதிரி ஒரு முகம். அது அந்த மருந்தின் குணமாம். தண்ணீரும் கொழுப்பும் முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று டாக்டர் சொன்னார்.

உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாய். இடமும் போயிருக்கும், கிழங்கும் போயிருக்கும். நான் சொல்லாதது உன் முதுகுக்காகவும் என் குடலுக்காகவும்தான்.

ரொட்டி வரிசையில் எனக்குக் கிடைக்கிற மரியாதையைக் கேள். பெர்ஃபெக்தோ தினம் ஒரு கேள்வி வைத்திருக்கிறான். "எந்தப் பண்ணைல மேயுற எவேலியோ? எங்களையும் கூட்டிட்டுப் போயேன்." ஒருவன் என் கன்னத்தைக் கிள்ளிப் பார்க்கிறான். ஒருத்தி, "பாவம், பொண்டாட்டி அங்க காயுறா"ன்னு என் காதில் விழுகிற மாதிரி சொல்கிறாள். குடல் வியாதி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பதினைந்து வருஷம் சொல்லாததை இப்போது ரொட்டிக்கு நிற்கும்போது சொல்ல நாக்கு எழவில்லை.

ஆனால் இனிமேல் யாரும் பேச வேண்டியதில்லை. முந்தாநாளோடு வெள்ளை மாத்திரையை நிறுத்திவிட்டேன். மொத்தமாக. நீ வரும்போது பழைய ஒட்டிய கன்னத்தோடு நிற்பேன். உனக்கும் திருப்தி, ஒர்தென்சியாவுக்கும் திருப்தி.

எவேலியோ


தந்தி
9 ஏப்ரல்

மாத்திரை நிறுத்தாதே. உயிருக்கு ஆபத்து. இன்றே டாக்டரிடம் போ. சொராய்தா


முகாம்
அதே நாள்

எவேலியோ, முட்டாளே,

தந்தி கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை முகாம் டாக்டரிடம் காட்டினேன். சின்னப் பையன், மீசை முளைக்காத டாக்டர். படித்து முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டான். "ஆறேழு வாரம் சாப்பிட்டத ஒரே நாள்ல நிறுத்தினாரா? அந்த மருந்து மாதிரி ஒண்ண உடம்பு தானா சுரக்கறத மறந்து தூங்கிட்டு இருக்கும்மா. படிப்படியாத்தான் எறங்கணும். இது மாடிலேருந்து குதிக்கற மாதிரி." நீ குதித்துப் பத்து நாள் ஆகிவிட்டது. இந்த நிமிஷம் நீ எப்படி இருக்கிறாய் என்றுகூட எனக்குத் தெரியாது.

போன கடிதத்தில் உன்னைப் பற்றி எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். ஆனால் கோபம் தீரவில்லை. ரத்தம் போனதைச் சொல்லாமல் பஸ் ஜோக் எழுதி அனுப்பியிருக்கிறாய். என் முதுகுக்காகவாம்! என் முதுகைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. உன்னோடு குடித்தனம் நடத்தியவள் நான். நீ அழகு பார்க்கிறவன் இல்லை. கிழிந்த சட்டையோடு கல்யாணத்துக்குப் போனவன். பெர்ஃபெக்தோ கேலி செய்தான் என்பதற்காக ரத்தத்தை நிறுத்திய மருந்தை நீ நிறுத்தமாட்டாய். வேறு என்னவோ இருக்கிறது. அதை எழுது.

லாரிக்காரன் நிற்கிறான். உயிரோடு இரு.

சொராய்தா


மாகாண மருத்துவமனை, கமாகுவெய்
19 ஏப்ரல்

சொராய்தா,

உயிரோடு இருக்கிறேன். நாலாம் தேதி டிப்போவில் எழுந்து நின்றேன், அவ்வளவுதான் ஞாபகம். கூட்டாளி என்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, தன் இடுப்போடு கயிற்றால் கட்டி இங்கே கொண்டுவந்து போட்டானாம். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். இப்போது மறுபடியும் அதே வெள்ளை மாத்திரை. டாக்டர் அலோன்சோ திட்டியதில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. மைலேன் ஒர்தென்சியா வீட்டில் இருக்கிறாள். உன் தந்தியை ஒர்தென்சியாதான் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் நின்று வாசித்தாள். முழு வார்டுக்கும் கேட்டது.

வேறு என்னவோ இருக்கிறது என்று எழுதினாய். இருக்கிறது. மூன்று நாளாக இந்தத் தாளை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

அந்த மருந்து முகத்தை உப்ப வைப்பதோடு நிற்காது. பசியைக் கொண்டுவரும். நாம் எல்லாரும் இந்த வருஷம் பசியோடுதான் இருக்கிறோம், ஆனால் அந்தப் பசிக்கு வேறு பேர் வைக்க வேண்டும். சாப்பிட்டு எழும்போதே தொடங்கிவிடும். சுவரைப் பிறாண்டலாம் போல இருக்கும். மலங்காவை மசித்து, நாளைக்கு இரண்டு வேளை என்று நீ சொன்ன அளவில் பிரித்து வைப்பேன். காலை பத்து மணிக்கு இரண்டு வேளையும் முடிந்திருக்கும்.

மைலேன் தன் ரொட்டியைக் காலையில் தின்பதில்லை. ஆளுக்கு ஒன்றுதானே நாளைக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்து தின்பதற்காக மேசைமேல் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் மூன்று மணிக்கு டிப்போவிலிருந்து வந்தேன். கிண்ணத்தைத் தூக்கினேன். பாதிதான் தின்பேன் என்று நினைத்தேன். தின்றுவிட்டேன்.

அவள் வந்து கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். மறுநாளும் தின்றேன். மொத்தம் நாலு நாள், சொராய்தா. நாலாவது நாள் அவள் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எலி தின்னுடுச்சு போலப்பா. பரவால்ல, எனக்குப் பசிக்கல."

நம் வீட்டில் எலி கிடையாது. எலி வந்தால் தின்ன என்ன இருக்கிறது? அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்றும் அவளுக்குத் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் மாத்திரையை நிறுத்தினேன். ரத்தம் போனால் போகட்டும், அந்தப் பசி போக வேண்டும் என்று. முகத்துக்காக என்று உனக்கு எழுதியது சப்பைக்கட்டு. தெருவில் பேசியது பொய் என்று எல்லாரையும் திட்டினேன். பொய் இல்லை. கன்னம் மாத்திரையால் வந்தது, ஆனால் பிள்ளையின் ரொட்டியைத் தின்றது நான்தான்.

நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். இனி உன் இஷ்டம்.

எவேலியோ


முகாம்
27 ஏப்ரல்

எவேலியோ,

ஒர்தென்சியாவின் தந்தி பன்னிரண்டாம் தேதி வந்தது. அணித் தலைவி மூன்று நாள் லீவு கொடுத்தாள். நெடுஞ்சாலைச் சந்திப்பில் ஒன்றரை நாள் நின்றேன். கமாகுவெய் பக்கம் போகும் வண்டி ஒன்றுகூட நிற்கவில்லை. நடந்து திரும்பி வந்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் வரவில்லை என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது நீ எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். இரண்டாவது தடவை மைலேன் சொன்ன இடத்தில் நின்றுவிட்டேன், அதற்கு மேல் படிக்க முடியவில்லை. அப்பனைக் காப்பாற்ற ஒரு எலியைக் கண்டுபிடித்திருக்கிறாள் என் பெண். மூன்றாவது தடவை என்னைப் பற்றி யோசித்தேன்.

நானும் ஒன்று சொல்கிறேன். இங்கே வந்த முதல் வாரம் உங்களுக்கென்று எடுத்து வைத்த முட்டையில் ஒன்றை உடைத்துப் பச்சையாகக் குடித்தேன், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு. நான் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை. அதனால் உன்னைப் பெரிதாகத் திட்ட எனக்கு வாய் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதவும் வரவில்லை. அது உனக்கும் மைலேனுக்கும் நடுவில் இருக்கிற விஷயம்.

இப்போது நான் சொல்கிறபடி நட. மாத்திரையைச் சாப்பிடு. டாக்டர் வாரத்துக்கு எவ்வளவு குறைக்கச் சொல்கிறாரோ அவ்வளவுதான், ஒரு துண்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதுவரை அந்தப் பசி இருக்கும். உன் மனசு கெட்டது என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அந்தப் பசியை உன் மனசை நம்பி விடவும் முடியாது. அதனால் மைலேனின் ரொட்டியும் முட்டையும் ஒர்தென்சியா வீட்டில் இருக்கட்டும். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய்ச் சாப்பிடட்டும்.

ஒர்தென்சியாவிடம் நான் எழுதிக் கேட்கமாட்டேன். நீ போய்க் கேட்க வேண்டும். ஏன் என்று அவள் கேட்பாள். நீயே சொல்ல வேண்டும். உன்னால் முடியாது என்றால் சொல்லிவிடு, நாளைக்கே கிளம்பி நடந்தாவது வருகிறேன். அதற்கப்புறம் கிழங்கு கிடையாது. உன் வெட்கமா, உன் குடலா என்று நீயே முடிவு செய்.

மூட்டை இந்த வாரம் பெரிது. அணித் தலைவி கண்டுகொள்ளாமல் இருந்தாள்.

சொராய்தா


கமாகுவெய்
16 மே

கிழவி,

வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள் ஆகிறது. நாற்பது மில்லிகிராமில் இருந்தது முப்பதுக்கு இறங்கியிருக்கிறேன். வாரத்துக்கு ஐந்து. முகம் இன்னும் நிலாதான், ரத்தம் இல்லை. பட்டாணியைப் பிழிந்துதான் தின்கிறேன்.

ஒர்தென்சியா வீட்டு வாசல் வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை அவளே ரொட்டி வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். பெர்ஃபெக்தோ ஆரம்பித்தான்: "ஆஸ்பத்திரிச் சோறு நல்லா ஒட்டுதே எவேலியோ!" எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சத்தமாகச் சொல்லிவிட்டேன். "கேட்டுக்கங்க எல்லாரும். இது சோத்துக் கன்னம் இல்ல, மாத்திரைக் கன்னம். எனக்குக் குடல்ல புண்ணு. பதினஞ்சு வருஷமா ரத்தமாப் போயிட்டு இருக்கேன். இந்த மாத்திரை தின்னா பேய்ப் பசி எடுக்கும். எம் பொண்ணோட ரொட்டிய நான்தான் தின்னேன், நாலு நாளு. ஒர்தென்சியா, அவ பங்க ஒங்க வீட்டுல வச்சுக் குடுப்பீங்களா?"

வரிசை அப்படியே நின்றுவிட்டது. பெர்ஃபெக்தோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பின்னாலிருந்து பல் இல்லாத ஒரு கிழவியின் குரல்: "அந்த மாத்திர எங்க கெடைக்கும் தம்பி? எனக்கும் ரெண்டு கன்னம் வேணும்." அப்புறம்தான் எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஒர்தென்சியா சிரிக்கவில்லை. எங்கள் முறை வந்ததும் மைலேனின் ரொட்டியை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "நாலு மணிக்கு அனுப்பு"ன்னு மட்டும் சொன்னாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. மூன்றாவது நாளே மூன்று மணிக்கு அவள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். கால் தானாகப் போனது. திறந்து என்னைப் பார்த்தாள்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்ல. ரொட்டி பத்திரமா இருக்கான்னு..."

"இருக்கு. வீட்டுக்குப் போ எவேலியோ."

"ஒர்தென்சியா—"

"போ."

போனேன். தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கதவைச் சாத்தியபோது அழுகை வந்தது பார், அது நிம்மதியில் வந்தது.

நேற்று மைலேனைக் கூப்பிட அங்கே போனேன். வாசற்படியில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் இன்னும் நேராகச் சொல்லியிருக்கவில்லை, ஊரெல்லாம் சொல்லியும். "மைலேன், ரொட்டியத் தின்னது அப்பாதான்"னு சொன்னேன். "தெரியும்பா"ன்னு சொன்னாள். மெல்லுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மிச்சம் இருந்ததைப் பிய்த்து நீட்டினாள். "பாதி வேணுமா?"

வேணும் என்றுதான் வயிறு கத்தியது, சொராய்தா. உன்னிடம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. "வேணாம், நீ தின்னு"ன்னு சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள், நம்பலாமா என்று. பிறகு கடைசித் துணுக்கு வரைக்கும் தின்று முடித்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவேலியோ